லாரி நிற்க எத்தனை மீட்டர் வேண்டும்?

சிங்கப்பூரில் ஓடும் லாரிகளின் பின்புறத்தில் வட்டமான ஓர் ஒட்டுவில்லையைக் காணலாம். அதில் 60 அல்லது 70 என்ற எண் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். அந்த லாரி விரைவுச்சாலையில் மணிக்கு அத்தனை கிலோமீட்டருக்கு மேல் செல்லக்கூடாது என்பது அதன் பொருள். சரக்கோடு சேர்த்து 3,500 கிலோகிராமுக்கு மேல் எடை கொள்ளும் லாரிகளுக்கு வரம்பு 60. அதைவிடச் சிறிய லாரிகளுக்கு 70. ஆனால், அதே விரைவுச்சாலையில் கார்கள் 80 அல்லது 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லலாம். சாலை ஒன்றாக இருக்கும்போது லாரிக்கு மட்டும் ஏன் தனி எண்? இதற்கான விடையை ஓர் எளிய கணக்கிலிருந்து தொடங்கலாம்.

ஓடும் வாகனத்தை நிறுத்துவது இரண்டு கட்டங்களில் நடைபெறுகிறது. முன்னே ஆபத்து இருப்பதை ஓட்டுநரின் கண் பார்க்க வேண்டும். மூளை அதைப் புரிந்துகொள்ள வேண்டும். கால் பிரேக்கை மிதிக்க வேண்டும். இதற்கு ஏறத்தாழ ஒன்றரை வினாடி ஆகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். எனவே, பிரேக் வேலை செய்யத் தொடங்கும் முன்பே லாரி 25 மீட்டர் முன்னேறிவிடுகிறது. பிறகு, காய்ந்த சாலையில் நல்ல பிரேக் உள்ள லாரி முழுமையாக நிற்க மேலும் 28 மீட்டர் தேவைப்படுகிறது. மொத்தம் 53 மீட்டர். ஓர் ஈரடுக்குப் பேருந்தின் நீளம் சுமார் 12 மீட்டர். நான்கு பேருந்துகளை வரிசையாக நிறுத்தினாலும் இந்தத் தூரம் நிரம்பாது.

இப்போது அதே லாரி வரம்பை மீறி 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். வேகம் கூடியது ஒன்றரை மடங்குதான். ஆனால், நிற்கத் தேவைப்படும் தூரம் ஏறத்தாழ 100 மீட்டராகிவிடுகிறது. வேகம் ஒன்றரை மடங்கு ஆகும்போது வாகனத்தின் இயக்க ஆற்றல் இரண்டே கால் மடங்காக உயர்கிறது. அந்த ஆற்றல் முழுவதையும் பிரேக்குகள் வெப்பமாக மாற்றியாக வேண்டும். மழை பெய்து சாலை வழுக்கினால் 60 கிலோமீட்டர் வேகத்தில்கூட நிற்க 70 மீட்டர் ஆகிவிடும். சிங்கப்பூரில் மழை பெய்யாத மாதம் எது?

எடையும் இந்தக் கணக்கில் சேர்கிறது. ஒரு கார் ஏறத்தாழ ஒன்றரை டன் எடையுள்ளது. 12 டன் எடையுள்ள லாரி அதே வேகத்தில் சென்றால் அதன் இயக்க ஆற்றல் காரைப்போல் எட்டு மடங்கு. கனரக லாரிகளின் பிரேக்குகள் காற்றழுத்தத்தால் இயங்குவதால், மிதித்த பிறகு சக்கரத்தைப் பிடிப்பதற்குச் சிறிது தாமதமும் உண்டு. பிரேக்கை அடிக்கடி மிதித்தால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். டயர் தேய்ந்திருந்தாலோ அளவுக்கு மேல் சரக்கு ஏற்றியிருந்தாலோ நிலைமை இன்னும் மோசமாகும். சரக்கு உயரமாக அடுக்கப்பட்டிருந்தால் வளைவில் திரும்பும்போது லாரி கவிழவும் கூடும்.

அதனால்தான் அனுபவமுள்ள லாரி ஓட்டுநர் முன்னே செல்லும் வாகனத்திலிருந்து நன்கு விலகியே வருவார். அந்த இடைவெளியைக் கண்டதும் பக்கத்துத் தடத்தில் வரும் கார் சட்டென உள்ளே நுழைந்துவிடும். கார் ஓட்டுநருக்கு அது காலியான இடமாகத் தோன்றுகிறது. லாரி நிற்பதற்கென்று ஒதுக்கிய 53 மீட்டரில் பாதியைத் தாம் எடுத்துக்கொண்டதை அவர் உணர்வதில்லை. விபத்து நேர்ந்தால் லாரி ஓட்டுநரையே பலரும் குறை கூறுவர். எல்லா நேரத்திலும் அது நியாயமாகாது.

என்றாலும், ஓட்டுநரால் ஏற்படும் விபத்துகளும் உண்டு. அவற்றுள் களைப்பு முக்கியமானது. சிறு நிறுவனங்கள் பலவற்றில் லாரி ஓட்டுவதற்கென்றே தனியாக ஒருவர் இருப்பதில்லை. கட்டுமானத் தளத்தில் பகலெல்லாம் வேலை செய்யும் ஊழியரே காலையிலும் மாலையிலும் லாரியை ஓட்டுகிறார். விடியும் முன்பே எழுந்து, சக ஊழியர்களை ஏற்றிக்கொண்டு, வெயிலில் உழைத்துவிட்டு, இருட்டிய பிறகு அவர்களைத் தங்குவிடுதியில் இறக்கிவிட வேண்டும். அவ்வாறு களைத்தவரின் கண்கள் மூன்று வினாடி மூடிக்கொண்டால் போதும், 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரி 50 மீட்டரைப் பார்வையின்றியே கடந்துவிடும். சரக்கு ஏற்றாத நிலையில் 2,500 கிலோகிராமைத் தாண்டாத சிறிய லாரியை ஓட்ட, கார் ஓட்டுவதற்கான 3ஆம் வகுப்பு உரிமமே போதுமானது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஓட்டுநரின் களைப்பை மற்ற நாடுகளும் சட்டத்தால் கட்டுப்படுத்த முயல்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் நான்கரை மணி நேரம் லாரி ஓட்டியவர் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆகவேண்டும். இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாள் ஒன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று வரையறுத்தது. கொளுத்தும் வெயிலில் கொதிக்கும் லாரி அறைக்குள் அமர்ந்து ஓட்டுவதும் களைப்புக்கு ஒரு காரணம்தான். அதனால், 2025 அக்டோபர் முதல் தயாரிக்கப்படும் லாரிகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதன வசதி இருக்க வேண்டும் என்று இந்திய அரசு 2023ஆம் ஆண்டு அறிவித்தது.

வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்கு இயந்திரத்தின் உதவியையும் நாடலாம். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தப்பட்ட லாரி மணிக்கு 60 கிலோமீட்டரை எட்டியதும், இயந்திரத்திற்குச் செல்லும் எரிபொருளை அந்தக் கருவி குறைத்துவிடும். ஓட்டுநர் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வேகம் கூடாது. சிங்கப்பூரில் 12,000 கிலோகிராமுக்கு மேல் எடை கொள்ளும் லாரிகளுக்கு இக்கருவி முன்பே கட்டாயமாக இருந்தது. பிறகு 3,501 முதல் 12,000 கிலோகிராம் வரையிலான லாரிகளுக்கும் அது படிப்படியாக விரிவுபடுத்தப்பட்டது. கருவி வேகத்தைப் பார்த்துக்கொள்ளும். முன்னே செல்லும் வாகனத்திற்கும் லாரிக்கும் உள்ள இடைவெளியை ஓட்டுநர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விரைவுச்சாலையை விட்டு நகருக்குள் வந்தால் ஆபத்தின் வடிவம் மாறுகிறது. லிட்டில் இந்தியாவின் பஃபலோ ரோட்டிலும் டன்லப் ஸ்திரீட்டிலும் கடைகளுக்குக் காய்கறியும் அரிசி மூட்டையும் கொண்டுவரும் லாரிகள் மெதுவாகத்தான் ஊர்ந்து செல்கின்றன. இங்கே வேகம் பிரச்சினை இல்லை, பார்வைதான் பிரச்சினை. லாரி ஓட்டுநர் உயரத்தில் அமர்ந்திருப்பதால் தொலைவில் இருப்பவை அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால், லாரியின் மூக்குக்கு நேர் கீழே, இடப்பக்கக் கதவை ஒட்டி, பின்புறத்தை ஒட்டி நிற்பவர்கள் அவர் கண்ணிலும் கண்ணாடியிலும் படமாட்டார்கள். பள்ளி மாணவர் ஒருவர் நின்றிருக்கும் லாரியின் முன்புறமாகச் சாலையைக் கடந்தால், அப்படி ஒருவர் இருப்பதே ஓட்டுநருக்குத் தெரியாமல் போகலாம். நின்ற இடத்திலிருந்து லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் தெரியவில்லை என்றால், ஓட்டுநருக்கும் நம்மைத் தெரியாது என்றே கொள்ள வேண்டும்.

நீளமான லாரிகள் திரும்பும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. முன்சக்கரங்கள் சென்ற பாதையிலேயே பின்சக்கரங்கள் செல்வதில்லை. அவை வளைவின் உட்பக்கமாக வெட்டிச் செல்லும். கொள்கலன் ஏற்றிய நீண்ட லாரி இடப்பக்கம் திரும்பும்போது, நடைபாதையின் ஓரத்தில் நிற்பவருக்கு மிக அருகில் பின்சக்கரம் வந்துவிடும். சைக்கிளோட்டி லாரிக்கும் நடைபாதைக்கும் இடையே நின்றால் ஒதுங்க இடமே இராது. லண்டன் மாநகரம் இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டது. ஓட்டுநர் அறையிலிருந்து நேரடியாக எவ்வளவு பார்க்க முடிகிறது என்பதை அளந்து, 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு அங்கே நட்சத்திரத் தகுதி வழங்கப்படுகிறது. போதிய தகுதியும் பாதுகாப்புச் சாதனங்களும் இல்லாத லாரிகள் 2021 மார்ச் முதல் அந்நகருக்குள் நுழைய முடிவதில்லை.

இதுவரை சொன்னவை லாரிக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றியவை. சிங்கப்பூரில் லாரியின் மேலேயே ஆட்கள் இருக்கிறார்கள்.

சரக்கு வாகனத்தில் ஆட்களை ஏற்றிச் செல்வதைச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. ஆனால், முதலாளி தம் ஊழியர்களை வேலையிடத்திற்கு அழைத்துச் செல்ல விதிவிலக்கு உண்டு. ஓட்டுநர் அறையில் இருப்பவர்களுக்கு இருக்கை வார் கட்டாயம். பின்தளத்தில் உட்காருபவர்களுக்கு இருக்கையும் இல்லை, வாரும் இல்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரி எதன்மீதாவது மோதித் திடீரென நின்றால், பின்தளத்தில் இருப்பவரின் உடல் நிற்பதில்லை. அது அதே வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்து மாடி உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொடும்போது இருக்கும் வேகம் அது.

2010 ஜூன் மாதம் தீவு விரைவுச்சாலையில் ஊழியர்களை ஏற்றிச் சென்ற லாரி கவிழ்ந்ததில் சீன நாட்டு ஊழியர்கள் மூவர் மாண்டனர். அடுத்த ஆண்டு முதல், ஆட்களை ஏற்றும் லாரிகளில் கூரையும் உயரமான பக்கத் தடுப்புகளும் கட்டாயமாயின. ஒருவருக்கு 4 சதுர அடி என்றிருந்த இடம் 8 சதுர அடியாக உயர்த்தப்பட்டது. பத்தாண்டு கழித்து, 2021 ஏப்ரல் 20 அன்று காலையில், துவாஸ் நோக்கிச் செல்லும் அதே விரைவுச்சாலையில், ஜாலான் பஹார் வெளிவழிக்கு முன்பாக, 17 ஊழியர்களை ஏற்றிச் சென்ற லாரி நின்றுகொண்டிருந்த டிப்பர் லாரியின்மீது மோதியது. அதில் இருவர் உயிரிழந்தனர். ஒருவர் பங்ளாதேஷ் நாட்டவர்; மற்றவர் இந்தியர். கூரையும் தடுப்பும் ஒருவர் லாரியிலிருந்து வெளியே விழாமல் தடுக்கலாம். உள்ளுக்குள்ளேயே முன்னோக்கி வீசப்படுவதை அவற்றால் தடுக்க முடியாது.

இதைத் தொடர்ந்து 2023 ஜனவரியில் புதிய விதிகள் நடப்புக்கு வந்தன. ஆறு மணி நேரத்திற்கு மேல் வேறு வேலை செய்த ஒருவர், ஊழியர்களை ஏற்றிக்கொண்டு லாரி ஓட்டுவதற்கு முன் 30 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். ஓட்டுநர் தூங்கிவிடாமல் விழிப்புடன் இருக்கிறாரா என்று கவனிக்க ஒரு துணையாளர் நியமிக்கப்பட வேண்டும். மழையில் நனையாதிருக்க மறைப்பும் வேண்டும். துணையாளர் ஏற்பாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால், தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்குத் தாம் தூங்கப்போவது தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்கா வட்டாரத்திற்கு வரும் ஊழியர்களில் பலர் பேருந்திலோ எம்ஆர்டி ரயிலிலோ வருகிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, நண்பர்களோடு சாப்பிட்டுவிட்டு, மீண்டும் அப்படியே விடுதிக்குத் திரும்புகிறார்கள். திங்கட்கிழமை காலையில் அதே ஊழியர்களில் பலர் லாரியின் பின்தளத்தில், கருவிப் பெட்டிகளுக்கு அருகில் கால்களை மடக்கி அமர்ந்திருப்பார்கள்.

லாரிகளில் ஆட்களை ஏற்றுவதை முழுமையாக நிறுத்த வேண்டும் என்ற கோரிக்கை நாடாளுமன்றத்தில் பலமுறை எழுந்துள்ளது. 2023ஆம் ஆண்டில் ஊழியர் நலனில் அக்கறை கொண்ட அமைப்புகள் இதை வலியுறுத்தின. வர்த்தகச் சங்கங்களும் தங்கள் சிரமங்களை எடுத்துரைத்தன. ஒரே நாளில் தடைசெய்தால் சிறு நிறுவனங்கள் பல மூடப்படலாம், அதனால் ஊழியர்களே வேலை இழக்க நேரிடலாம், வீடுகளும் ரயில் பாதைகளும் கட்டிமுடிக்கத் தாமதமாகலாம் என்று அரசாங்கம் விளக்கியது. போதுமான பேருந்துகளும் அவற்றை ஓட்டுவதற்கு ஆட்களும் கிடைப்பது எளிதில்லை என்பதும் உண்மை. காலையில் எல்லா விடுதிகளிலிருந்தும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஊழியர்கள் புறப்பட வேண்டியுள்ளது. பள்ளிப் பேருந்துகளும் அதே நேரத்தில்தான் ஓடுகின்றன.

இதற்கிடையே சில நிறுவனங்கள் தாங்களாகவே பேருந்துக்கு மாறியுள்ளன. ஊழியர்கள் வேலையிடத்திற்கு அருகிலேயே தங்கினால் நீண்ட பயணமே தேவைப்படாது. எல்லாரும் ஒரே நேரத்தில் புறப்படாமல் வேலை நேரத்தைச் சற்று மாற்றியமைத்தால் ஒரே பேருந்து இரண்டு முறை சென்றுவர முடியும். இவையெல்லாம் செலவையும் திட்டமிடுதலையும் கோருபவை. மற்ற இடங்களில் லாரிப் பயணம் இன்னும் தொடர்கிறது. அந்த லாரிகளில் எத்தனை பேரை ஏற்றலாம் என்ற எண்ணும், பின்புற வில்லையில் உள்ள வேக எண்ணைப்போலவே, வெளிப்புறத்தில் எல்லாரும் பார்க்கும்படி எழுதப்பட்டிருக்கும்.