ககோஷிமாவுக்குச் சுற்றுவழி

விமானத்தை விட்டு இறங்கியதும் நகரத்தை நோக்கி விரைவதே பிரயாணிகளின் இயல்பு. பெட்டி வந்து சேர்ந்ததா, பஸ் எங்கே நிற்கிறது என்னும் கவலைகளே அப்போது மனத்தை நிறைத்திருக்கும். ஜப்பான் தேசத்தின் தெற்கே, கியூஷு தீவின் கோடியிலுள்ள ககோஷிமா விமான நிலையத்தில் இறங்குவோர்க்கும் இவ்வவசரம் உண்டு. அங்கே பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் நகரத்தை அடைந்துவிடலாம். ஆயினும் ஒரு பகற்பொழுதைச் செலவிடக் கூடியவர்கள் அந்தப் பஸ்ஸைப் போகவிட்டு, வாடகைக் கார் ஒன்றை அமர்த்திக்கொண்டு, குடாக்கடலைச் சுற்றி நகரத்துட் புகுவதே நன்று என்பது நமது துணிபு.

விமான நிலையம் முன்னர் நகரக் கடற்கரையிலேயே இருந்தது. 1972 ஆம் ஆண்டில் அதனை வடக்கேயுள்ள இந்த மேட்டுநிலத்துக்கு மாற்றினர். கட்டடத்தின் வாயிலிலேயே வெந்நீரூற்று நீர் ஓடும் தொட்டி ஒன்று இருக்கிறது. பாதரட்சைகளைக் கழற்றிவைத்துக் கால்களை நனைத்தபடி எவரும் அமரலாம், கட்டணம் இல்லை. நெடும்பிரயாணத்தில் வீங்கிய கால்களுக்கு இதனினும் சிறந்த வரவேற்பு வேறெந்த விமான நிலையத்திலும் நமக்குக் கிடைத்ததில்லை.

அந்நீரைச் சுடவைத்த நெருப்பே இந்த நிலத்தையும் ஆக்கியது. ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த மாபெரும் எரிமலை வெடிப்பிலே பூமி உள்வாங்கியது. அந்தப் பள்ளமே இன்று குடாக்கடலின் வடபாகமாக விளங்குகிறது. அன்று வெளிப்பட்ட வெண்சாம்பல் தடித்த படையாகப் படிந்து சுற்றியுள்ள மேட்டுநிலங்களாயிற்று. இம்மண்ணில் நீர் நில்லாது; நெல்லுக்கு இது உகந்ததன்று. ஆதலால் இங்குள்ள குடியானவர்களுக்குப் பன்னெடுங்காலம் சோறிட்டது வற்றாளங்கிழங்கே. ஜப்பானியர் அதனை இப்பகுதியின் பழம்பெயரால் ‘சட்சுமாக் கிழங்கு’ என்றே வழங்குகின்றனர்.

முதலிற் செல்லவேண்டிய இடம் கரேயிகாவா. விமான நிலையத்திலிருந்து காரில் கால் மணி நேர வழி. 1903 இல் மரத்தாற் கட்டிய சிறிய ரயில் நிலையம் ஒன்று அங்கே இன்றும் அப்படியே நிற்கிறது. சீட்டு விற்கும் சாளரமும் மரவாங்குகளும் மாறவில்லை. நிலைய அதிபரை மாத்திரம் காணோம். மூங்கிற் குருத்தும் காளானும் சேர்த்த சோற்றையும், வற்றாளங்கிழங்குப் பொரியலையும் பெட்டியில் அடைத்து, வாரவிடுமுறை நாட்களில் இங்கு விற்பர். அந்தப் பொரியலுக்கு அவ்வூரார் இட்ட பெயர் ‘கனே’. நண்டு என்பது பொருள். கிழங்குக் கீற்றுகள் கால் பரப்பிய நண்டுபோலத் தோன்றுவதால் வந்த பெயராம். சைவ உணவினர் தாராளமாக உண்ணக்கூடிய நண்டு இது ஒன்றேயாகும்!

எதிர்த்திசையில், கமோ என்னும் ஊர்க்கோவிலில், ஜப்பானின் மிகப் பருத்த மரமான கற்பூரமரம் நிற்கிறது. அடியின் சுற்றளவு 24 மீற்றருக்கும் அதிகம். வயது ஏறத்தாழ 1,500 ஆண்டுகள் என்பர். மரங்களில் மனம் வைத்தவர்கள் அங்கே செல்லட்டும். ஒரே பகலில் இரண்டையும் காண முயல்வது ஓட்டப்பந்தயமாக முடியும்.

கரேயிகாவாவிலிருந்து கடலை நோக்கி இறங்கிக் கிழக்குக் கரையோரமாகச் சென்றால் புக்குயாமா வரும். மலைச்சரிவெங்கும் கருநிறச் சாடிகள் வரிசை வரிசையாக வெயிலிற் கிடக்கும் காட்சி வியப்பைத் தரும். அரிசியில் வடித்த கறுப்பு வினாகிரி அவற்றினுள்ளே முதிர்கின்றது. சோறு, பூஞ்சணம் ஏற்றிய அரிசி, நீர் ஆகிய மூன்றையும் சாடியிலிட்டு மூடிவிட்டால், இனிப்பாகி, மதுவாகி, ஈற்றிற் புளிப்பாவது வரை எல்லாம் அவ்வொரே சாடியில் நிகழ்ந்துவிடும். இருநூறு ஆண்டுகளாக நடைபெறும் தொழில் இது. சாடிகளுக்கு அப்பால், குடாவின் நடுவே, புகைந்துகொண்டு நிற்பது சகுராஜிமா எரிமலை.

இச்சுற்றுவழியின் உயிர்நிலை அம்மலையே. ஒருகாலத்தில் அது தனித்தீவு. இன்று நாம் காரிலேயே அங்கு சென்றுவிடலாம். ஏனெனில் 1914 ஆம் ஆண்டில் வழிந்த எரிகுழம்பு, 400 மீற்றர் அகலமான நீரிணையைத் தூர்த்து, தீவைப் பெருநிலத்தோடு இணைத்துவிட்டது. நாம் செல்லும் சாலையின் இருமருங்கும் கறுத்துக் கிடக்கும் பாறைகள் அக்குழம்பின் எச்சமாகும்.

அவ்வாண்டு ஜனவரி 10 ஆந் திகதி தொடக்கம் நிலம் அடிக்கடி அதிர்ந்தது. கிணற்று நீர் மாறியது. கடற்கரையில் வெந்நீர் பொங்கியது. 1779 இல் நிகழ்ந்த பெருவெடிப்பைப் பற்றிப் பாட்டன்மார் சொல்லிவைத்த கதைகளை மறவாதவர்கள், பிள்ளைகுட்டிகளோடு தோணியேறினர். கிராம அலுவலகத்தாரோ ககோஷிமா வானிலை நிலையத்தைத் திரும்பத் திரும்ப விசாரித்தனர். சகுராஜிமா வெடிக்காது என்பதே கிடைத்த மறுமொழி. அம்மொழியை நம்பியவர்கள் தங்கினர். 12 ஆந் திகதி காலை பத்து மணியளவில் மலை பிளந்தது. தோணி கிடைக்காதவர்கள் மாரிக்காலக் குளிர்கடலிற் குதித்தனர். கடமையில் நின்ற கிராம அலுவலர் சிலரும் அவ்வாறே மாண்டனர். அன்று மாலை நகரைக் குலுக்கிய பூகம்பத்தில் இறந்தோரையும் சேர்த்து, மாண்டோரும் காணாமற் போனோரும் 58 பேர்.

தீவின் கிழக்குக் கரையில் குரொக்காமி என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள கோவிலின் முன்னே 3 மீற்றர் உயரமாக நின்ற கல்தோரணம் ஒரே நாளிற் சாம்பலிற் புதைந்தது. இன்று நாம் காண்பது மேலேயுள்ள ஒரு மீற்றர் மாத்திரமே. தலைக்குமேல் இருக்கவேண்டிய உத்தரம் நம் இடுப்பளவில் நிற்கிறது. தோண்டியெடுக்க முயன்றவர்களைத் தடுத்து, வருங்காலத்தார் காணட்டும் என்று அவ்வாறே விடச்செய்தவர் அக்காலத்து ஊர்த்தலைவர். நாம் சென்றபோது வேறெவரும் அங்கு இருக்கவில்லை. பேசிக்கொண்டு வந்த நாம் பேச்சை நிறுத்திவிட்டோம்.

தென்கரையிலே, கிழக்குச் சகுராஜிமாப் பள்ளி வளவில், 1924 இல் நாட்டிய கல் ஒன்று உளது. கோட்பாடுகளை நம்பியிராது, மாறுதல் கண்டவுடன் புறப்பட ஆயத்தமாகுங்கள் என்று அது ஊராருக்குச் சொல்கிறது. விஞ்ஞானத்தை நம்பாமைக்கு எழுப்பிய கல் என்றே பலர் அதனை அழைப்பர். நமக்கு அப்பெயர் முற்றும் பொருத்தமாகத் தோன்றவில்லை. எரிமலையை அளக்கும் கருவிகள் அரிதாயிருந்த காலத்தில், தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்ன ஒரு மறுமொழியையே அக்கல் கண்டிக்கிறது எனலாம். இன்று அம்மலையைச் சுற்றிக் கருவிகள் இரவும் பகலும் விழித்திருக்கின்றன. மலைவாயிலிருந்து 2 கிலோமீற்றருக்குள் எவரும் செல்லலாகாது. அவ்வாறிருந்தும் தீவார் ஆண்டுதோறும் தப்பியோடும் ஒத்திகை நடத்தியே வருகின்றனர். பள்ளிப் பிள்ளைகள் தலைக்கவசம் அணிந்து செல்வர். அதே சாம்பல் மண்ணில், இரு கைகளாலும் தூக்கவேண்டிய முள்ளங்கியும் கோலிக்காயினும் சற்றே பெரிதான தோடம்பழமும் விளைகின்றன.

மேற்குக் கரையிற் காரோடு கப்பலேறினால் 15 நிமிடத்தில் நகரம். கப்பலிலே சுடச்சுட மாவிழைச் சூப்பு விற்பர். கரை வருமுன் கிண்ணத்தை முடிப்பது அவ்வூராருக்குக் கைவந்த கலை. நமக்கோ நாக்குச் சுட்டதுதான் மிச்சம்.

ஏறத்தாழ 6 இலட்சம் மக்கள் வாழும் ககோஷிமாவின் தெருக்களிலே, ஆங்காங்கு மஞ்சட் பைகள் கட்டிவைத்திருப்பதைக் காணலாம். வீட்டு முற்றத்தில் விழுந்த சாம்பலைக் கூட்டி அள்ளுவதற்காக நகரசபை கொடுக்கும் பைகள் அவை. முன்பு அவற்றுக்குச் ‘சாம்பல் வீழ்ச்சிப் பை’ என்று பெயர். 1991 இல் அதனை மாற்றி, ‘சாம்பலை வெல்லும் பை’ என்று அச்சிட்டனர். நாம் தங்கிய விடுதியின் வாயிலிலும் இரண்டு இருந்தன. அம்முறை காற்று நகரத்தின் பக்கமாக வீசியிருந்தது.