‘பெர்செபொலிஸ்’: டெஹ்ரான் சிறுமியின் கதை கீரிப்பாறைக்கு ஏன் நெருக்கமானது?

ஒரு நாட்டில் ஆட்சி கவிழ்கிறது என்பது ஒன்பது வயதுக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? வீட்டில் பெரியவர்கள் திடீரென்று குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். பள்ளிக்கூடத்தில் புது விதி வரும். 2007-ல் வெளியான ‘பெர்செபொலிஸ்’ அனிமேஷன் படம் ஈரான் புரட்சியை இந்தக் கோணத்தில்தான் காட்டுகிறது.

கதை என்ன?

1969-ல் ஈரானில் பிறந்தவர் மர்ஜானே சத்ரபி. தன் வாழ்க்கையை 2000 முதல் 2003 வரை பிரெஞ்சு மொழியில் நான்கு பாகச் சித்திர நூலாக வெளியிட்டார். அதையே வின்சென்ட் பரொனோவுடன் சேர்ந்து படமாக்கினார்.

1979-ல் மன்னர் ஷாவின் ஆட்சி வீழ்கிறது. ஷா காலத்தில் சிறையில் கிடந்த சித்தப்பா அனூஷ் விடுதலையாகி வருகிறார். சிறுமிக்கு அவர்தான் ஹீரோ. ஆனால், புதிய ஆட்சி அவரைக் கொன்றுவிடுகிறது. அடுத்து முக்காடு கட்டாயம், 1980-ல் ஈராக்குடன் போர். பாட்டு கேசட்டைக்கூட ஒளித்துத்தான் வாங்க வேண்டும். 14 வயதில் பெற்றோர் அவளை வியன்னாவுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

கான் விழாவில் நடுவர் பரிசு பெற்ற இந்தப் படம், ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

ஏன் அனிமேஷன்?

நடிகர்களை வைத்து எடுத்தால் ‘எங்கேயோ தூர தேசத்துக்காரங்க கதை’ என்று பார்ப்பவர்கள் ஒதுங்கிவிடுவார்கள் என்று சத்ரபி நினைத்தார். பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் வரையப்பட்ட எளிய முகம், எந்த ஊர்ப் பிள்ளையின் முகமாகவும் தெரியும்.

கீரிப்பாறைக்கு என்ன சம்பந்தம்?

குமரி மாவட்ட மலையடிவாரத்தில் இருக்கிறது கீரிப்பாறை. இங்குள்ள அரசு ரப்பர் கழகத் தோட்டத்தில் பால்வெட்டும் குடும்பங்களில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரின் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு வேலை கொடுப்பதும் 1984-ல் உருவான இந்தக் கழகத்தின் முக்கிய நோக்கங்களில் ஒன்று.

1948-ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம், தேயிலை மலைகளில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில், 5,25,000 பேரை ஏற்க இந்தியா சம்மதித்தது. அதில் பலர் இந்தியாவையே பார்த்திராதவர்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள்.

மர்ஜானே ஊரைவிட்டுப் போனது புரட்சியாலும் போராலும். இந்தக் குழந்தைகள் போனது இரண்டு பிரதமர்கள் போட்ட கையெழுத்தால். ஆனால் ‘நாம ஏன் போறோம்?’ என்ற கேள்வி இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

இப்போது ஏன் முக்கியம்?

ஒப்பந்தத்தின் எண்ணிக்கைகள் அரசு ஆவணங்களில் பத்திரமாக இருக்கின்றன. எந்தப் பொம்மையை விட்டுவிட்டு வந்தோம், புதுப் பள்ளியில் பிள்ளைகள் என்ன சொல்லிக் கேலி செய்தார்கள் என்பதெல்லாம் ஆவணத்தில் இருக்காது. அவை அந்தப் பெண்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. 1970-ல் பத்து வயதாக இருந்த சிறுமி இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்.

சத்ரபி தன் கதையைத் தானே வரைந்தார். தோட்டத்துப் பாட்டிகளுக்கு வரையத் தெரிய வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகள் போனில் ரெக்கார்டரை ஆன் செய்து, ‘கப்பல்ல வந்த அன்னைக்கு என்ன நடந்துச்சு, பாட்டி?’ என்று கேட்டாலே போதும். வரைவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.