யந்திரத்துக்கு ஒரு மூளை

குளிர்காலக் காலையில் ஸ்கூட்டரைக் கிளப்புவது ஒரு காலத்தில் நம் வீடுகளில் பெரும் வைபவமாக இருந்தது. 'சோக்'கை இழுத்து, வண்டியைச் சாய்த்து, பத்து உதை உதைத்தால்தான் அது மனம் இரங்கும். இன்றோ பொத்தானைத் தொட்டதும் கிளம்பிவிடுகிறது. இந்த விந்தையின் காரணத்தைச் சற்று விசாரிப்போம்.

ஒரு கிராம் பெட்ரோல் முற்றும் எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோல் மிகுந்தால் விஷவாயு பெருகும். குறைந்தால் யந்திரம் திணறும். பழைய கார்புரேட்டர் இந்த விகிதத்தை உத்தேசமாகவே காத்து வந்தது.

தீப்பொறிக்கும் காலம் தவறக்கூடாது. கலவை எரியச் சிறிது நேரம் பிடிப்பதால், பிஸ்டன் உச்சியை எட்டுமுன்பே பொறி விழவேண்டும். நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுழலும் யந்திரத்தில், விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் சுழல் தண்டு 18 பாகை திரும்பிவிடுகிறது! பொறி மிக முந்தினால் யந்திரம் 'தட்டும்'. பிந்தினால் சக்தி வீண்.

ஜெர்மனியின் பாஷ் கம்பெனியார் 1979-ல் வெளியிட்ட 'மோட்ரானிக்' என்னும் சாதனம் இவ்விரு பொறுப்புகளையும் ஒரே மின்னணு மூளையிடம் ஒப்புவித்தது. காற்றின் அளவையும் யந்திரத்தின் சூட்டையும் வேகத்தையும் 'சென்ஸார்'கள் அதற்கு அறிவிக்கின்றன. பெட்ரோல் தெளிக்கும் 'இன்ஜெக்டர்' எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும், பொறி எப்போது விழவேண்டும் என்று அது கணக்கிட்டு ஆணையிடுகிறது. புகைக்குழாயிலுள்ள ஆக்ஸிஜன் சென்ஸார் அந்தக் கணக்கின் பிழையை உடனுக்குடன் சுட்டிக் காட்டுகிறது.

இவ்வளவு நுட்பம் எதற்கு? புகையின் நஞ்சை முறிக்கும் 'காடலிடிக் கன்வர்ட்டர்', கலவை சரியான விகிதத்தை ஒட்டி நின்றால்தான் செவ்வனே வேலை செய்யும். நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1-ந் தேதி முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் அமுலுக்கு வந்தபின், புதிய பெட்ரோல் வண்டிகளில் கார்புரேட்டர் அநேகமாக மறைந்தே போயிற்று.

ஆனால் ஓசையைக் கேட்டே நோயறிந்த நம் தெருமுனை மெக்கானிக்கின் கதி என்ன? திருப்புளி மட்டும் இனிப் போதாது. மூளை பதிவு செய்து வைக்கும் பிழைக் குறிகளைப் படிக்கவும் அவர் கற்றாக வேண்டும். அதற்கு வசதி செய்து தருவது சமூகத்தின் கடமை.

நமக்கும் ஒரு கடமை உண்டு. ஓடும் வண்டியில் யந்திரத்தைக் குறிக்கும் மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தால், 'வண்டிதான் ஓடுகிறதே!' என்று அலட்சியம் செய்யலாகாது. நம் குழந்தைகள் சுவாசிக்கும் காற்றின் பொருட்டு அது விடுக்கும் எச்சரிக்கையாகவும் அது இருக்கலாம்.