கொந்தராத்து வேலையும் ஈ.பி.எஃப். பணமும்

கூலி என்றதும் மாத முடிவில் கைக்கு வரும் காசுதான் நம் நினைவுக்கு வரும். முதுமைக்கென்று சேர வேண்டிய பங்கும் கூலியில் உண்டு. அதைக் கேட்போரும் குறைவு, கொடுப்போரும் குறைவு.

பதுளை, பசறை, ஹாலி-எல, ஹப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் 'பேர் பதிந்த' தொழிலாளருக்கு ஈ.பி.எஃப். பிடிக்கப்படுகிறது. கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பவர், கொந்தராத்துக்காரரின் கீழ் புல் வெட்டுபவர், பஸார் கடையில் நிற்கும் பையன், தையல் கடைப் பெண் ஆகியோரிடம் கேட்டால், "எங்களுக்கு அதெல்லாம் இல்லையே" என்பார்கள்.

சட்டம் அவ்வாறு கூறவில்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிக, கொந்தராத்து ஊழியரையும் அளவுக்கேற்பக் கூலி பெறுவோரையும் உள்ளடக்குகிறது. வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இவ்வுரிமை உண்டு. மற்றொருவருக்காக ஆள் பிடித்து வேலை வாங்குபவரும் சட்டத்தின் பார்வையில் தொழில்கொள்வோரே.

கணக்கு எளிது. ஊழியர் பங்கு 8 வீதம். முதலாளி பங்கு 12 வீதம். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி மட்டும் 3 வீதம் செலுத்த வேண்டும். மாதக் கூலி 20,000 ரூபாய் எனில், ஊழியரிடம் பிடிப்பது 1,600. முதலாளி சேர்ப்பது 2,400. நம்பிக்கை நிதிக்கு 600. ஆக மாதம் 4,600 ரூபாய். பத்து ஆண்டில் வட்டியின்றியே 5,52,000 ரூபாய். "பிடிக்காமல் முழுக் காசையும் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், 1,600 ரூபாயைக் காட்டி 3,000 ரூபாயை மறைக்கிறார் என்பதே பொருள். முதலாளியின் 12 வீதத்தையும் ஊழியர் கூலியிலேயே கழிப்பது சட்டவிரோதம்.

பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் இப்பணத்தைப் பெறலாம். திருமணத்தின் பொருட்டு வேலையை விடும் பெண்ணும் கோரலாம். உறுப்பினர் மவுத்தானால், அவர் நியமித்தவருக்குச் சேரும். இதைத் தவிர, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டு பூர்த்தி செய்தவருக்கு, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடையும் உண்டு. நாட்கூலி பெறுவோருக்கு அது ஆண்டொன்றுக்கு 14 நாள் கூலி.

சகோதரிகளே, வேலைக்குச் செல்லும் உங்கள் மகனிடமோ மகளிடமோ மூன்று விடயங்களைக் கேளுங்கள். உறுப்பினர் இலக்கம் கிடைத்ததா? சம்பளச் சிட்டையில் பிடிப்பு எழுதப்பட்டுள்ளதா? மத்திய வங்கியின் கணக்குக் கூற்றில் அப்பணம் வந்துள்ளதா? சிட்டையில் பிடித்துவிட்டு நிதிக்குச் செலுத்தாதவர்களும் உள்ளனர். பெயரையும் பாருங்கள். அடையாள அட்டையில் 'சித்தி' என்றும் ஈ.பி.எஃப். பதிவில் 'ஸித்தி பீபி' என்றும் இருந்தால், பணம் எடுக்கும்போது அலைச்சல்தான். இப்போதே திருத்துவது நலம். சிட்டைகளை ஒரு பையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். குறை இருப்பின், பிரதேச தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடலாம்.

உங்கள் கணவரோ சகோதரரோ கொந்தராத்து எடுப்பவராக, கடை நடத்துபவராக இருக்கலாம். அப்போது கேள்வி வேறு. ஊழியரிடம் பிடித்த காசு அடுத்த மாத முடிவுக்குள் நிதிக்குச் சேர வேண்டும். தாமதித்தால் 5 முதல் 50 வீதம் வரை மிகைக்கட்டணம் உண்டு. மிகைக்கட்டணத்தைக் கட்டித் தீர்த்துவிடலாம். அமானிதத்தைத் தின்ற பொறுப்பை அப்படித் தீர்க்க இயலுமா? உழைத்தவரின் கூலியைத் தாமதிக்கலாகாது என்று பிள்ளைகளுக்கு மத்ரஸாவில் ஓதிக் கொடுக்கிறோம். பிடித்து வைத்த பங்கும் அந்தக் கூலியில் சேர்ந்ததே.

கொந்தராத்து விலை பேசும்போதே இந்த 15 வீதத்தையும் சேர்த்துப் பேசுங்கள் என்று வீட்டுப் பெண்கள் நினைவூட்டலாம். குடும்பத்துக்கு வரும் ரிஸ்க்கில் பிறர் ஹக்கு கலவாதிருக்க அதுவே வழி.