சிங்கப்பூருக்கு மேலே திசை மாறும் காற்று

சிங்கப்பூருக்கு மேல் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் உயரத்தில், மழையும் இடியும் உருவாகும் கீழடுக்கு முடிந்து ஸ்ட்ராட்டோஸ்பியர் தொடங்குகிறது. டேக்கா சந்தையிலிருந்து சாங்கி விமான நிலையம் நேர்கோட்டில் அவ்வளவு தூரம்தான். அந்த உயரத்துக்கு மேலே வீசும் காற்று ஓராண்டு போலக் கிழக்கிலிருந்து வீசும். பிறகு திரும்பி மேற்கிலிருந்து வீசும். ஒரு சுற்றுக்குச் சராசரியாக 28 மாதங்கள். எந்தப் பருவத்துக்கும் அது கட்டுப்படுவதில்லை. புதிய காற்று 30 கிலோமீட்டருக்கு மேலே தோன்றி, மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வீதம் இறங்கிவந்து பழையதை விரட்டுகிறது. இடிமேகங்கள் கிளப்பும் அலைகள் மேலேறி உடைவதே இதற்குக் காரணம் என்று 1968-இல் லிண்ட்சன், ஹோல்ட்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் விளக்கினர்.

1976 முதல் உலக ஆய்வாளர்கள் இக்காற்றைக் கணிப்பதற்கு ஆதாரம் சிங்கப்பூரின் பலூன்களே. கிம் சுவான் சாலையில் வானிலை ஆய்வகம் நாள்தோறும் இருமுறை ரப்பர் பலூன் ஒன்றைப் பறக்கவிடுகிறது. அடியில் சிறிய கருவிப் பெட்டி தொங்கும். ஏற ஏற வெளியழுத்தம் குறைந்து பலூன் பருத்துக்கொண்டே போகும். 30 கிலோமீட்டரை ஒட்டி வெடித்துவிடும். அதற்குள் காற்று தன்னை எந்தப் பக்கம் தள்ளியது என்பதை அது அனுப்பி முடித்திருக்கும்.

இக்காற்றுதான் ஓசோனையும் நகர்த்துகிறது. கிழக்கிலிருந்து வீசும் கீழைக்காற்று இறங்கும் காலத்தில் நிலநடுக்கோட்டுக் காற்று விரைந்து மேலெழுவதால் சிங்கப்பூருக்கு மேல் ஓசோன் சற்று மெலிகிறது. மேலெழுந்த காற்று ஓசோனைச் சுமந்துசென்று நடு அட்சரேகைகளில் இறங்குகிறது. அதில் ஒரு பங்கு கீழடுக்கின் மேற்பகுதிக்குள் கசிகிறது. குளிர்ந்த அந்த உயரத்தில் ஓசோன் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. மேலைக்காற்று இறங்கும்போது இந்தச் சுழற்சி தளர்கிறது.

அவுரா செயற்கைக்கோளின் 2005–2010 அளவீடுகளை ஆராய்ந்தவர்கள், எல் நினோவும் இக்காற்றும் சேர்ந்து வட நடு அட்சரேகைகளின் கீழடுக்கு ஓசோனை ஏறத்தாழ 2 விழுக்காடு மாற்றுவதாக 2014-இல் அறிவித்தனர். சிறிய எண்தான். ஆனால் அங்கே ஆண்டுக்காண்டு நேரும் ஏற்ற இறக்கத்தில் அது ஏறக்குறையப் பாதி. அதைக் கழிக்காமல், கீழடுக்கில் ஓசோன் கூடியதற்கு அதை உருவாக்க உதவும் ஆலைப்புகையை மட்டும் குற்றஞ்சாட்டுவதும், குறைந்ததற்குப் புகைக்கட்டுப்பாட்டை மட்டும் பாராட்டுவதும் தவறான கணக்கு.

2016 தொடக்கத்தில், மேலைக்காற்றின் நடுவே யாரும் எதிர்பாராமல் கீழைக்காற்று முளைத்தது. 1953-இல் வேறிடத்தில் தொடங்கிய தொடர்பதிவில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. 2019–20-இல் மறுபடியும் நடந்தது. செயற்கைக்கோள்கள் வந்துவிட்டன, பலூன் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த நெடும்பதிவே பதில். சிங்கப்பூர்க் காற்றின் மாதச் சராசரிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பள்ளி அறிவியல் வகுப்புகள் அவற்றை எடுத்து வரைபடமாக்கிப் பார்க்க வேண்டும்.