ஜெயித்த கையோடு ஆட்டம் ஏன் கடினமாகிறது?

நான்கு ஆட்டம் நன்றாகப் போகிறது. ஐந்தாவதில் இறங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, ஆள் காலி. "கேமே நம்மை வேண்டுமென்று மாட்டிவிடுது" என்று ஓசூர் சிப்காட் பக்கத்து ரூம்களில் பிஜிஎம்ஐ (போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு) ஆடுபவர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. நீங்களும் அப்படிச் சொல்லியிருந்தால், அதில் பாதி உண்மை இருக்கிறது.

உங்கள் குறியை யாரும் கெடுக்கவில்லை. உங்கள் எதிரே யாரை இறக்குவது என்பதை மட்டும் விளையாட்டு முடிவு செய்கிறது. இதைத்தான் மேட்ச்மேக்கிங் (ஆடுபவர்களைத் தரம் பார்த்து ஒன்றுசேர்க்கும் ஏற்பாடு) என்கிறார்கள்.

என் தரம் அதற்கு எப்படித் தெரியும்? இந்தக் கணக்கு செஸ்ஸிலிருந்து வந்தது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாத் ஈலோ வகுத்த ரேட்டிங் (திறமைப் புள்ளி) முறையை உலக செஸ் கூட்டமைப்பு 1970-இல் ஏற்றுக்கொண்டது. ஆனந்த், குகேஷ் எல்லோருக்கும் போடுவது இதே கணக்குதான். நடுத்தர ஆட்டக்காரர் ஒருவர் தனக்குச் சமமானவரை வென்றால் 10 புள்ளி ஏறும். 200 புள்ளி மேலே இருப்பவரை வென்றால் சுமார் 15. அதே அளவு கீழே இருப்பவரை வென்றால் வெறும் 5, அவரிடம் தோற்றாலோ 15 போய்விடும். சிறியவர்களை அடித்துப் பெரிய ஆளாக முடியாது என்பதே இதன் அழகு.

செஸ்ஸில் ஒருவருக்கு ஒருவர். நாலு பேர் சேர்ந்து ஆடினால்? மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டிக்காக ட்ரூஸ்கில் என்ற முறையை உருவாக்கியது. உங்கள் திறமை எவ்வளவு என்பதோடு, அந்த மதிப்பீட்டை எவ்வளவு நம்பலாம் என்பதையும் அது குறித்துவைக்கும். அதனால்தான் புதிதாகச் சேர்ந்தவரின் புள்ளி முதல் சில ஆட்டங்களில் சடசடவென்று ஏறும், இறங்கும். ஆட ஆட அடங்கும்.

சமமானவர்களோடுதான் ஆடுகிறேன் என்றால் பாதி ஆட்டமாவது ஜெயிக்க வேண்டாமா? இரண்டு அணி மோதும் ஆட்டத்தில் சரி. நூறு பேர் இறங்கும் பிஜிஎம்ஐ ஆட்டத்தில் நாலு பேர் அணிகள் மொத்தம் 25. எல்லோரும் அச்சு அசலாக ஒரே தரம் என்றாலும் சிக்கன் டின்னர் (முதலிடம்) உங்களுக்கு வருவது 25-க்கு ஒன்று. மீதி 24 தோல்விக்கும் யாரும் சதி செய்யத் தேவையில்லை.

ஆரம்பத்தில் மட்டும் வரிசையாக ஜெயித்தேனே? அப்போது உங்கள் எதிரே ஓடியவர்களில் பலர் பாட் (கணினியே ஆட்டிவைக்கும் போலி ஆள்). புதியவர் மனம் விட்டுப்போகக் கூடாது என்று வைத்த ஏற்பாடு அது. ரேங்க் ஏற ஏற, பாட் குறைந்து மனிதர்கள் வருவார்கள்.

தரம் பார்க்காமல் கிடைத்தவரோடு சேர்த்துவிட்டால் என்ன? 2024-இல் கால் ஆஃப் டியூட்டி விளையாட்டை நடத்தும் ஆக்டிவிஷன் இதைச் சோதித்தது. வட அமெரிக்காவில் ஒரு பகுதி ஆட்டக்காரர்களுக்கு மட்டும், அவர்களுக்குச் சொல்லாமல், தரம் பார்ப்பதைத் தளர்த்தியது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விஷயத்தில் திரும்ப ஆட வருவது குறைந்தது. மேலே இருந்த பத்து சதவீதத்தினர்தான் கூடுதலாக வந்தார்கள். கம்பெனி பார்ப்பது நியாயம் அல்ல, நாளைக்கும் நீங்கள் வருவீர்களா என்பதைத்தான். ஆனாலும் இந்த இடத்தில் அதன் லாபமும் நம் லாபமும் ஒன்றாக அமைந்துவிட்டது.

சரி, இதனால் உங்களுக்கு என்ன? முதலில் நேரம். இரண்டாம் ஷிஃப்ட் முடித்து, சாப்பிட்டு, இரவு இரண்டு மணிக்கு ஆட உட்கார்ந்தால் அப்போது ஆடுபவர்களே குறைவு. நெடுநேரம் காக்க வைக்காமல் இருக்க, பல விளையாட்டுகள் தர வரம்பைத் தளர்த்திக் கிடைத்தவரைச் சேர்க்கும். அந்த நேரத்துத் தோல்வியை வைத்து உங்களை எடைபோடாதீர்கள்.

அடுத்து நெட். அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடி தாண்டி வரும் கம்பெனி பஸ்ஸில் போன் டவர் விட்டு டவர் தாவிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் பிங் (நீங்கள் தொட்டது சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) எகிறும். தோற்றால் ரேட்டிங் இறங்கும். காரணம் டவரா, நீங்களா என்று அது கேட்காது. பஸ்ஸில் ரேங்க் ஆட்டம் வேண்டாம், சாதா ஆட்டம் ஆடுங்கள்.

ஏஸ் என்ற உயர்ந்த ரேங்க் உள்ள ஐடியை (கணக்கை) யாரோ விற்கிறார்கள், வாங்கலாமா? வேண்டாம். முதல் ஆட்டத்திலிருந்தே அந்தத் தரத்துக்காரர்கள்தான் எதிரே வருவார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கியது தோல்வியைத்தான். தவிர, ஐடி விற்பது விதிமீறல், கணக்கு முடங்கலாம். விற்றவரே பழைய லாகின் வழியாக அதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளவும் முடியும்.

ரூமில் ஒருவன் கில்லாடி, மற்றவர்கள் சுமார். சேர்ந்து ஆடினால்? பொதுவாக அணியின் சராசரியையோ, கெட்டிக்காரரின் தரத்தையோ ஒட்டித்தான் எதிரணி வரும். சுமாரானவர்கள் பாடு திண்டாட்டம். இதற்கு கஸ்டம் ரூம் (நீங்களே ஆள் சேர்த்து நடத்தும் தனி ஆட்டம்) நல்ல வழி.

அங்கே ஆள் பிரிக்க, கபடிக்கு நம் பிள்ளைகள் செய்யும் உத்தி பிரித்தலைவிடச் சிறந்த முறையை நான் பார்த்ததில்லை. எட்டுப் பேர் என்றால் சமமான இருவர் தலைவர்கள். மீதி ஆறு பேரில் ஏறக்குறைய ஒரே தரமான இரண்டிரண்டு பேராக ஜோடி சேரட்டும். ஒவ்வொரு ஜோடியும் தள்ளிப்போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வரும். எந்தப் பெயர் யாருடையது என்று தெரியாமல் தலைவர் ஒன்றைக் கேட்பார். அந்த ஆள் அவர் பக்கம், மற்றவர் எதிர்ப் பக்கம். அடுத்த ஜோடியிடம் மற்ற தலைவர் கேட்பார். சமமான ஜோடி பிரிவதால் பலமும் சமமாகப் பிரியும். "நல்லவனை எல்லாம் நீயே எடுத்துக்கிட்டே" என்ற சண்டைக்கே இடமில்லை.

கில்லாடிக்கு ஜோடியாக நிறுத்த ஆளே இல்லையென்றால்? அவர் பிஸ்டல் மட்டும் எடுக்கட்டும், ஸ்கோப் கிடையாது என்று பேசி வையுங்கள். இரண்டு ஆட்டம் பாருங்கள். அப்போதும் அவரே அடித்துக்கொண்டிருந்தால் ஹெல்மெட்டையும் கழற்றச் சொல்லுங்கள்.