தாழ்ந்த காரும் திருந்திய காரும்

சக்கரமும் சாலையும் – 14

சிறிய காரின் சஸ்பென்ஷனை மாற்ற வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை இன்ச் இறக்கலாம்?" என்பதுதான். கடைகளிலும் அந்தக் கேள்விக்கே பதில் தயாராக இருக்கிறது. உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள காயில்ஓவர் செட் எதுவானாலும் அதன் பெருமை அது காரை எவ்வளவு கீழே கொண்டுபோகும் என்பதை வைத்தே பேசப்படுகிறது. இந்த அளவுகோல் தவறானது என்பது என் வாதம். ஸ்விஃப்ட், போலோ, ஐ20 போன்ற சிறிய கார்களில் இந்தச் சாதனத்தால் கிடைக்கும் நன்மையில் மிகச் சிறிய பங்கே தாழ்த்துவதால் வருகிறது. ஓர் அளவைத் தாண்டித் தாழ்த்தினால் அந்தச் சிறிய நன்மையும் போய், கம்பெனி கொடுத்த காரைவிட மோசமான கார் கையில் இருக்கும். இந்தச் செட்டுக்குச் செலவழிக்கும் பணத்துக்கு மதிப்பு, உயரத்தை எந்த இடத்தில் நிறுத்துவது என்று நாமே தீர்மானிக்க முடிகிறது என்பதில் இருக்கிறது.

சாதனத்தை முதலில் பார்த்துவிடுவோம். ஷாக் அப்சார்பரின் உடலில் மரை வெட்டியிருக்கும். ஸ்பிரிங் உட்காரும் தட்டு அந்த மரையில் ஏறி இறங்கும். தட்டைக் கீழே திருகினால் கார் இறங்கும். இது எளிய வகை. இதில் ஒரு குறை உண்டு: கார் இறங்கிய ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஷாக் அப்சார்பர் மேலும் அமுங்குவதற்கு இருந்த தூரத்திலிருந்து கழிகிறது. இன்னொரு வகையில் ஷாக்கின் அடிப்பகுதியும் தனியே மரை வழியாக நகரும். அங்கே உயரத்தை அடிப்பகுதியில் மாற்றுவதால் ஷாக்கின் ஓட்டம் குறையாமல் இருக்கும். விலையும் அதற்கேற்ப ஏறும். வாங்குகிறவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான், அதைக் கேட்பவர்கள் குறைவு. பின்பக்கத்தில் கதையே வேறு. மேலே சொன்ன மூன்று கார்களிலும் பின்சக்கரங்கள் முறுக்குத் தண்டு அச்சில் இருப்பதால் ஸ்பிரிங் ஓரிடத்தில், ஷாக் வேறிடத்தில். காயில்ஓவர் என்று விற்றாலும் பின்னால் கிடைப்பது, உயரம் மாற்றும் ஒரு தட்டும் குட்டையான ஸ்பிரிங்கும் தனி ஷாக்கும்தான். ஸ்பிரிங் தட்டை மேலே திருகினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று நம்புகிறவர்களும் உண்டு. ஒரே சீராகச் சுற்றிய ஸ்பிரிங்கின் கடினம் கம்பியின் தடிமனையும் சுற்றின் அகலத்தையும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் பொறுத்தது. தட்டைத் திருகுவதால் அது மாறாது.

இப்போது தாழ்த்துவதால் வரும் லாபத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுநரோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள ஒரு கார். இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 1.45 மீட்டர், எடைமையம் தரையிலிருந்து 54 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கார் ஒரு வளைவில் புவியீர்ப்பின் 0.6 மடங்கு பக்கவிசையோடு திரும்புகிறது. சாதாரண ஓட்டுநர் அன்றாடம் தொடாத வேகம் அது. உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும் எடை, 1,000 பெருக்கல் 0.6 பெருக்கல் 0.54 வகுத்தல் 1.45, அதாவது சுமார் 223 கிலோ. காரை 3 செ.மீ. இறக்கி எடைமையத்தை 51 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் அது 211 கிலோ ஆகும். வித்தியாசம் 12 கிலோ. வெளிப்பக்க டயர்கள் 723 கிலோவுக்குப் பதில் 711 கிலோ சுமக்கின்றன. பந்தயத்தில் விநாடியின் பத்தில் ஒரு பங்கைத் தேடுகிறவருக்கு இது பெரிது. வார இறுதியில் ஏற்காடு மலைப்பாதையில் ஏறுகிறவருக்கு நல்ல டயரும் சரியான காற்றழுத்தமும் இதைவிட அதிகம் தரும்.

லாபம் சிறிது என்பதோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. நஷ்டம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் பலருக்கும் சொல்லப்படாதது. நம் சிறிய கார்கள் எல்லாவற்றின் முன்பக்கத்திலும் இருப்பது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். ஃபோர்டு பொறியாளர் ஏர்ல் மெக்ஃபெர்சன் வடிவமைத்தது. 1950-இல் அறிமுகமான பிரிட்டிஷ் ஃபோர்டு கான்சலிலேயே இருந்தது. மலிவு, இடமும் குறைவாகவே பிடிக்கும் என்பதால் சிறிய கார்களில் நிலைத்துவிட்டது. கீழே ஒரு லோயர் ஆர்ம், மேலே ஸ்ட்ரட், அவ்வளவுதான். இதில் ரோல் சென்டர் என்று ஒரு புள்ளி உண்டு. வளைவில் காரின் உடல் சாய்வது அந்தப் புள்ளியைச் சுற்றித்தான். லோயர் ஆர்மின் கோட்டையும், ஸ்ட்ரட்டின் மேல்முனையில் அதற்குச் செங்குத்தாக ஒரு கோட்டையும் நீட்டி, அவை சந்திக்கும் இடத்திலிருந்து டயர் தரையைத் தொடும் இடத்துக்கு மூன்றாவது கோடு போட்டால், அது காரின் நடுக்கோட்டை வெட்டும் உயரமே ரோல் சென்டர். எடைமையத்துக்கும் இந்தப் புள்ளிக்கும் இடைப்பட்ட தூரம்தான் காரைச் சாய்க்கும் நெம்புகோல். காரை இறக்கும்போது லோயர் ஆர்மின் வெளிமுனை உள்முனையோடு ஒப்பிட்டால் மேலே போகிறது. ஆர்மின் சாய்வு மாற மாற ரோல் சென்டர் எடைமையத்தைவிட வேகமாகக் கீழே விழுகிறது. ஓர் உதாரணம்: எடைமையம் 54 செ.மீ., ரோல் சென்டர் 8 செ.மீ. என்றால் நெம்புகோல் 46. காரை 4 செ.மீ. இறக்கும்போது ரோல் சென்டர் 9 செ.மீ. விழுந்து தரைக்குக் கீழே 1 செ.மீ. போனால் நெம்புகோல் 51. எண்கள் காருக்குக் கார் மாறும், திசை மாறாது. தாழ்த்திய கார், அதே ஸ்பிரிங்கோடு இருந்தால், முன்னைவிட அதிகமாகச் சாய விரும்பும். ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கி நிற்கும்போது, கார் சாய்கையில் வெளிப்பக்க டயரை நிமிர்த்திப் பிடிக்கும் திறனும் குறைகிறது. டயர் தன் வெளியோரத்தில் நின்று தேயும்.

"அப்படியானால் தாழ்த்திய பிறகு கார் வளைவில் உறுதியாக நிற்கிறதே, அது பொய்யா?" என்று கேட்பார்கள். பொய்யில்லை. அந்த உறுதிக்குக் காரணம் தாழ்வு என்று நினைப்பதுதான் பிழை. காயில்ஓவர் செட் எதிலும் கம்பெனி ஸ்பிரிங்கைவிடக் கடினமான ஸ்பிரிங் வருகிறது. அதற்குப் பொருந்தும் புது ஷாக்கும் வருகிறது. சாய்வைக் குறைப்பது அந்த ஸ்பிரிங், அசைவைச் சட்டென அடக்குவது அந்த ஷாக். உயரத்தைக் கம்பெனி அளவிலேயே வைத்து இதே இரண்டையும் போட்டாலும் அந்த உறுதியில் பெரும்பகுதி கிடைத்துவிடும். ஷாக் பொருந்தாமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றும் சிக்கன வழியின் குறையும் இங்கேதான். ஸ்பிரிங் 40 சதவீதம் கடினமானால், அதே அளவு அடக்கத்துக்கு ஷாக்கின் எதிர்ப்பு ஏறக்குறைய 18 சதவீதம் கூட வேண்டும். பழைய, ஏற்கெனவே தளர்ந்த ஷாக்கால் அது முடியாது. ஒரு மேட்டைத் தாண்டிய பின்னும் கார் குதித்துக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங்கை வெட்டுவது இதைவிட ஆபத்து. ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் கடினம் 20 சதவீதம் கூடும், உயரமும் குறையும். ஆனால் சக்கரம் முழுதாகத் தொங்கும் கணத்தில் குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு விலகி, திரும்பி உட்காரும்போது தவறான இடத்தில் உட்கார வாய்ப்புண்டு.

ஓட்டம் குறைவதையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சக்கரம் மேலெழ 8 செ.மீ. இருந்த காரை எளிய வகைச் செட்டில் 4 செ.மீ. இறக்கினால் மீதி பாதிதான். வேகமான வளைவில் வெளிப்பக்க முன்சக்கரம், ஓட்டத்தின் முடிவில் தடையாக இருக்கும் பம்ப் ஸ்டாப்பரில் போய் முட்டும். முட்டிய கணத்தில் முன்பக்கத்தின் கடினம் திடீரென்று பல மடங்காகிறது. டயர் பிடியை இழந்து கார் நேராகப் போகப் பார்க்கிறது. பின்பக்கத்தில் முட்டினால் பின்பகுதி வெளியே வீசும். ஓட்டுநர் தவறு எதுவும் செய்யாமலே வளைவின் நடுவில் காரின் குணம் மாறிவிடுகிறது. இந்த வாதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். சுகம் குறைவதை ஒருவர் விரும்பி ஏற்றுக்கொள்ளலாம். முன்னறிவிப்பில்லாமல் மாறும் காரை யாரும் விரும்பி ஏற்கக் கூடாது.

சாய்வே பிடியின் எதிரி என்ற எண்ணத்துக்கு வரலாறு இடம் தரவில்லை. 1948-இல் பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்த சிட்ரோயன் 2சிவி, வளைவில் கவிழ்ந்துவிடுமோ என்று பார்ப்பவர் அஞ்சும் அளவுக்குச் சாயும். சக்கரங்களின் நீண்ட ஓட்டம் நான்கு டயர்களையும் தரையிலேயே வைத்திருந்ததால் அது சாலையை விடுவதில்லை. உலக ராலிப் போட்டிகளில் 2013 முதல் 2016 வரை தொடர்ந்து பட்டம் வென்ற போலோவும் ஒரு சிறிய கார்தான். மண் பாதையில் அதன் உடல் உயரமாக, நீண்ட சக்கர ஓட்டத்தோடு நிற்கும், தார்ச்சாலையில் இறக்கப்படும். உயரத்தை மாற்றும் வசதி பந்தயத்தில் பயன்படும் முறை இது: சாலை எப்படியோ, உயரம் அப்படி. மினியைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. 1959-இல் வந்த அந்தக் கார் மிகத் தாழ்வாகவும் விறைப்பாகவும் இருந்தது, 1964, 1965, 1967 மான்டே கார்லோ ராலிகளை வென்றது. உண்மைதான். ஆனால் அந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸும், அதற்கு ரப்பர் கூம்பு சஸ்பென்ஷனை வடிவமைத்த அலெக்ஸ் மோல்டனும் அந்தத் தாழ்வுக்காகவே எல்லாக் கோணங்களையும் வகுத்திருந்தார்கள். பிறகு யாரோ இறக்கிய உயரம் அல்ல அது. மினிக்கு உயரம் மாற்றும் 'ஹை-லோ' என்ற உதிரிப்பாகம் பின்னாளில் பரவலாகக் கிடைத்தது. அதைப் பூட்டியவர்களில் பலர், வயதான ரப்பர் அமுங்கித் தொங்கிப்போன காரை மறுபடி உரிய உயரத்துக்கு ஏற்றுவதற்காகவே பூட்டினார்கள்.

இனி வலுவான மறுப்பு ஒன்று. ஐரோப்பாவில் வடிவமைத்த காரை இந்தியாவுக்குக் கொண்டுவரும்போது நிறுவனங்கள் அதன் உயரத்தைக் கூட்டுவது வழக்கம். ஆகவே இங்கே தாழ்த்துகிறவர் காரைக் கெடுக்கவில்லை, வடிவமைத்தவர் நினைத்த நிலைக்கே திருப்பி வைக்கிறார் என்பார்கள். இதை நான் ஏற்கிறேன், அதன் எல்லைவரை. அப்படிப்பட்ட காரில் முதல் 15, 20 மில்லிமீட்டர் தாழ்த்துவது லோயர் ஆர்மை அதன் இயல்பான கோணத்துக்கு அருகே கொண்டுவரும். அதற்கு மேல் இறங்குவதற்கு இந்த வாதம் துணை வராது. அதோடு அந்த உயரத்தைக் கூட்டியதற்கும் காரணம் இருக்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. 2.45 மீட்டர் சக்கர இடைவெளியுள்ள ஸ்விஃப்ட் அதன்மேல் நிற்கும்போது முன், பின் சக்கரங்கள் இரண்டும் மேட்டிலேயே இருக்கும்; நடுவில் மேடு அதிகமாக உயர்வது சுமார் 4.4 செ.மீ.தான். தாழ்த்திய காரும் உரசாமல் போகும். நம் தெருக்களில் ஒரு முழ அகலத்தில் திடுமென எழும் மேடுகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே இரு சக்கரமும் தரையில் இருக்க, மேட்டின் முழு உயரமும் வயிற்றுக்கு நேராக நிற்கும். ஸ்விஃப்டின் வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள 163 மில்லிமீட்டர் இடைவெளியில் 40-ஐக் கழித்து, நான்கு பேரும் பெட்டிகளும் ஏறினால் என்ன மிஞ்சும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே செட்டைப் பூட்டியபின் செய்ய வேண்டிய வேலை வேறு. லோயர் ஆர்ம் கிடைமட்டத்தை நெருங்கும் இடத்தில் இறக்குவதை நிறுத்த வேண்டும். அதையும் தாண்டி இறக்கியே தீர வேண்டும் என்றால் நீளமான பால் ஜாயின்ட் கொண்டு ரோல் சென்டரைத் திருத்த வேண்டும். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணத்தையும் கூடவே சரிசெய்யாவிட்டால் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும். ஃபெண்டருக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியை டேப்பால் அளந்து நான்கு பக்கமும் சமம் என்று திருப்திப்படுவது போதாது. ஓட்டுநரை உட்கார வைத்து, நான்கு சக்கரத்துக்கும் அடியில் தராசு வைத்து, மூலைவிட்டமாக எதிரெதிரே உள்ள இரு சக்கரங்களின் கூட்டெடை மொத்தத்தில் பாதியை நெருங்கும்வரை தட்டுகளைத் திருக வேண்டும். பிரேக் பிடிக்கையில் கார் நேராக நிற்பதும், இடது வளைவிலும் வலது வளைவிலும் ஒரே மாதிரி நடப்பதும் இதனால் வரும். நிலையான உயரமுள்ள ஸ்பிரிங்கால் ஒருபோதும் செய்ய முடியாத வேலை இது. காயில்ஓவருக்குக் கொடுத்த காசு திரும்பக் கிடைப்பது இங்கேதான். அதன்பின் வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் உயரம், கடைசியாக ஷாக்கின் எதிர்ப்பைக் கூட்டிக் குறைக்கும் கிளிக்குகள். மிக இளகலான நிலையில் தொடங்கி, கார் ஒரு மேட்டைத் தாண்டி ஒரே அசைவில் அமரும்வரை ஒவ்வொரு கிளிக்காகக் கூட்டிப் போவது நல்லது. தோற்றத்துக்காகவே தாழ்த்துகிறேன் என்பவருடன் எனக்குச் சண்டையில்லை, தாழ்ந்த கார் அழகுதான். அவர் ஓட்டம் குறையாத இரண்டாம் வகையை வாங்கட்டும்.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஜெர்மனியில் இதே செட் எந்தக் காருக்கு எவ்வளவு இறக்கலாம் என்ற சான்றோடு விற்கப்படுகிறது. பூட்டியதும் பரிசோதகர் பார்த்துப் பதிவுசெய்கிறார். இங்கே அந்த வழி இல்லாததால் நல்ல செட்டும் வெட்டிய ஸ்பிரிங்கும் சட்டத்தின் கண்ணில் ஒன்றாகிவிடுகின்றன. அதே 2019-இல் வந்த திருத்தம், மாற்றங்களுக்கான தரத்தையும் ஒப்புதல் முறையையும் வகுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. சிஎன்ஜி கிட்டுகளுக்கு ஒப்புதல் முறை ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. புனேயிலும் ஒரகடத்திலும் வாகனச் சோதனை மையங்கள் இயங்குகின்றன. சஸ்பென்ஷன் செட்டுக்கும் அதே போலக் காருக்குக் கார் தாழ்வின் எல்லையைச் சோதித்து எழுதிக் கொடுக்கும் விதியை அரசு உடனே கொண்டுவர வேண்டும்.